வைரஸ் நோய்க்கு மெரோபெனம் எதற்கு? – வாசகர் கேள்வி பதில்

கொரோனா காலத்தில் மருத்துவமனைகளில் ஆன்டிபயாடிக் பயன்பட்ட விதம் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். பதில் தருபவர்கள்: தொற்றுநோய் மருத்துவர் ஒருவர், நுண்ணுயிரியல் மருத்துவர் ஒருவர்.

2021 மே மாதம் என் அப்பாவைக் கொரோனாவுக்காக ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். டிஸ்சார்ஜ் சம்மரியில் முதல் ஐந்து நாள் செஃப்ட்ரியாக்சோன் ஊசியும் அசித்ரோமைசின் மாத்திரையும், ஆறாம் நாளிலிருந்து மெரோபெனமும் கொடுத்ததாக எழுதியிருக்கிறது. வைரஸ் நோய்க்கு இதெல்லாம் எதற்கு? – வாசகி, திருநெல்வேலி

இவை மூன்றும் பாக்டீரியாவுக்கான ஆன்டிபயாடிக்குகள், மெரோபெனம் அவற்றில் பெரிய மருந்து. எந்த ஆன்டிபயாடிக்கும் கொரோனா வைரஸைத் தொடாது. ஆனாலும் கொடுத்தார்கள், அதற்குக் காரணம் இருந்தது. 1918 இன்ஃபுளூயன்சாவில் இறந்தவர்களின் நுரையீரல் திசுக்களைப் பிற்காலத்தில் ஆராய்ந்தபோது, வைரஸ் புண்ணாக்கிய இடத்தில் பாக்டீரியா புகுந்து உண்டாக்கிய நிமோனியாதான் பெரும்பாலோரின் உயிரை எடுத்தது என்று தெரிந்தது. 2009 பன்றிக் காய்ச்சலிலும் ஐசியு வரை போனவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குப் பாக்டீரியா தொற்றும் கூடவே இருந்தது. 2020இல் மூச்சுத்திணறலோடு, எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் வெள்ளையாக வந்து படுத்த நோயாளியைப் பார்த்த மருத்துவர்கள் இந்த அனுபவத்தை வைத்துத்தான் முடிவெடுத்தார்கள்.

கொரோனாவில் அந்தக் கணக்கு சரிவரவில்லை. 2020இலேயே பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மருத்துவமனைக்கு வரும்போதே பாக்டீரியா தொற்றும் சேர்ந்திருந்தவர்கள் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. ஆன்டிபயாடிக் வாங்கியவர்களோ நூற்றுக்கு எழுபதுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் 2024 ஏப்ரலில் வெளியிட்ட கணக்கும் அதையே சொன்னது. 2020 ஜனவரி முதல் 2023 மார்ச் வரை 65 நாடுகளில் சேர்க்கப்பட்ட சுமார் 4.5 லட்சம் நோயாளிகளில் ஆன்டிபயாடிக் தேவைப்பட்ட பாக்டீரியா தொற்று 8 சதவீதம் பேருக்கு. கொடுக்கப்பட்டது நான்கில் மூன்று பேருக்கு.

இனி உங்கள் அப்பாவின் சம்மரி. முதல் நாள் செஃப்ட்ரியாக்சோன் போட்டதைக் குறை சொல்ல மாட்டோம். ஆக்சிஜன் இறங்கிக்கொண்டிருக்கும் வயதான நோயாளிக்கு, எந்த ரிப்போர்ட்டும் கையில் இல்லாத நேரத்தில், நாங்களும் போட்டிருக்கலாம். தவறு இருந்தால் அது மூன்றாம் நாளில் இருந்திருக்கும். கொரோனா டெஸ்ட் பாசிட்டிவ், இரத்தக் கல்ச்சரில் (இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) 48 மணி நேரமாக எதுவும் வளரவில்லை, சளி மஞ்சளாக இல்லை என்றால் அன்றைக்கே நிறுத்தியிருக்க வேண்டும். பெரும்பாலான வார்டுகளில் நிறுத்த ஆள் இல்லை. ஒருவர் எழுதியதை அடுத்த ஷிஃப்ட் மருத்துவர் வெட்டத் தயங்குவார். கேஸ் ஷீட்டில் ‘கன்டினியூ ஆல்’ (எல்லாவற்றையும் தொடரவும்) என்று ஒரு வரி போடுவது எல்லாவற்றையும்விட எளிது.

ஆறாம் நாள் மெரோபெனம் வேறு கதை. மருத்துவமனையில் இரண்டு நாள் கழிந்த பிறகு தொற்றும் கிருமிகள் வீட்டிலிருந்து வந்தவை அல்ல, அந்த வார்டில் குடியிருப்பவை. அவற்றுக்கு மெரோபெனம் தேவைப்பட்டிருக்கலாம். சம்மரியில் ஒன்றைப் பாருங்கள்: மெரோபெனம் ஆரம்பித்த அன்றோ அதற்கு முந்தைய நாளோ இரத்தம், சளி, சிறுநீர் ஏதாவது கல்ச்சருக்கு அனுப்பியிருக்கிறார்களா? அனுப்பி, கிருமியின் பெயரும் இருந்தால் அது சிகிச்சை. எதுவுமே அனுப்பாமல், ‘காய்ச்சல் குறையவில்லை’ என்று மட்டும் எழுதிவிட்டு மாற்றியிருந்தால் அது பயத்துக்குப் போட்ட ஊசி. கொரோனா காய்ச்சலே பத்து நாள் வரை நீடிக்கக்கூடியது.

அசித்ரோமைசினுக்கு வைரஸை அடக்கும் சக்தி உண்டு என்றார்களே? – வாசகர், ஈரோடு

ஆய்வகக் குடுவையில் கொஞ்சம் தெரிந்தது, நோயாளியிடம் தெரியவில்லை. பிரிட்டனின் ரெகவரி ஆய்வில் அசித்ரோமைசின் வாங்கிய 2,582 பேரிலும், வாங்காத 5,181 பேரிலும் 28 நாளில் இறந்தவர்கள் ஒரே அளவு, 22 சதவீதம். வீட்டில் இருந்தபடி சிகிச்சை பெற்றவர்களிடம் பிரின்சிபிள் ஆய்வு அசித்ரோமைசினையும் டாக்சிசைக்ளினையும் சோதித்தது. இரண்டாலும் பலன் இல்லை. 2021 தொடக்கத்திலேயே இவை தெரிந்துவிட்டன. நம் நாட்டுச் சீட்டுகளில் இருந்து இந்த மாத்திரை இறங்க அதற்குப் பிறகும் நெடுநாள் ஆனது. 2023 மார்ச்சில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல் இவ்விரண்டையும் கொரோனாவுக்குக் கொடுக்க வேண்டாம் என்று பெயர் சொல்லியே சொன்னது. அசித்ரோமைசின், அப்போது அதோடு கொடுத்த மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் இரண்டுமே இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைத் தாமதப்படுத்தும் குணம் உள்ளவை. ஈசிஜி எடுக்காமல் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தது அந்தக் காலத்தின் பெரிய துணிச்சல்.

என் மாமியாருக்கு சிஆர்பி 96, வெள்ளையணுக்கள் 17,000. ‘கிருமி அதிகமாக இருக்கிறது’ என்று சொல்லி ஊசியை மாற்றினார்கள். இந்த எண்களை வைத்து முடிவெடுக்கலாமா? – வாசகி, தஞ்சாவூர்

இந்த இரண்டை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. சிஆர்பி என்பது உடலில் அழற்சி இருக்கிறது என்று சொல்லும் அளவு. யார் காரணம் என்று சொல்லாது. கொரோனா நிமோனியாவிலேயே அது நூறைத் தாண்டும். எதிர்ப்புறமாகவும் ஏமாற்றும்: அழற்சியை அடக்கும் டோசிலிசுமாப் ஊசி போட்டவருக்கு உண்மையான பாக்டீரியா தொற்று இருந்தாலும் சிஆர்பி ஏறாமல் கிடக்கும்.

வெள்ளையணுக்களில் பலர் தடுக்கி விழுந்தது ஸ்டீராய்டால். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஆரம்பித்த ஓரிரு நாளில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு வகையின் எண்ணிக்கை தானாகவே கூடும். இரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த அணுக்கள் ஓட்டத்துக்கு வந்துவிடுவது அதற்கு முக்கியக் காரணம். சேர்க்கும்போது 7,000, ஸ்டீராய்டின் மூன்றாம் நாள் 17,000 என்று இருந்து, காய்ச்சல் இல்லை, ஆக்சிஜன் தேவை கூடவில்லை, இரத்த அழுத்தம் இறங்கவில்லை என்றால் அந்த 17,000 ஸ்டீராய்டின் வேலை. உங்கள் மாமியாருக்கு எந்தத் தேதியில் ஸ்டீராய்டு ஆரம்பித்தார்கள், எந்தத் தேதியில் எண்ணிக்கை ஏறியது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இவற்றைவிட ஓரளவு உதவுவது புரோகால்சிடோனின் என்ற இரத்தச் சோதனை. மில்லிலிட்டருக்கு 0.25 நானோகிராமுக்குக் கீழே இருந்து, நோயாளியும் நிலையாக இருந்தால், ஆன்டிபயாடிக்கை நிறுத்தத் தைரியம் தரும். நிறுத்துவதற்குத்தான் அது நல்ல துணை, ஆரம்பிப்பதற்கு அல்ல. சிறுநீரகம் பழுதானவர்களிடமும், கொரோனா முற்றி ஐசியுவில் இருப்பவர்களிடமும் பாக்டீரியா இல்லாமலே ஏறியிருக்கும். ஒரு தடவை எடுத்த எண்ணைவிட, ஒரு நாள் விட்டு எடுத்தபோது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே பேசும்.

நான் ஒரு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். டாக்டர்கள் இரத்தக் கல்ச்சர் எழுதுகிறார்கள், நாங்களும் எடுத்து அனுப்புகிறோம். ரிப்போர்ட் பாதி நேரம் ‘நோ க்ரோத்’ (எதுவும் வளரவில்லை), மீதி நேரம் ‘கன்டாமினென்ட்’ (வெளியிலிருந்து கலந்த கிருமி). அதனால் யாரும் அதை நம்புவதே இல்லை. எங்கே தவறு? – வாசகி, மதுரை

இந்த மாதம் வந்த கடிதங்களில் எங்களுக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஆன்டிபயாடிக் விரயம் தொடங்கும் இடமே இதுதான். ரிப்போர்ட்டை நம்ப முடியாவிட்டால் மருத்துவர் மருந்தை நிறுத்த மாட்டார்.

‘நோ க்ரோத்’ வருவதற்கு முதல் காரணம் இரத்தம் போதாமை. பெரியவர்களின் இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு பாக்டீரியாகூட இல்லாமல் இருக்கலாம். 3 மில்லி எடுத்து ஒரே பாட்டிலில் விட்டால் வலையில் மீன் சிக்காது. ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி, ஒரு செட்டுக்கு இரண்டு பாட்டில், இரண்டு வெவ்வேறு இடத்திலிருந்து இரண்டு செட். ஒரு செட் மட்டும் எடுத்தால் இரத்தத்தில் உள்ள தொற்றில் நூற்றுக்கு 73 அளவுக்குத்தான் தெரியும், இரண்டு எடுத்தால் 90க்குப் பக்கம். செலவுக்காக ஒரு செட்டோடு நிறுத்தும் மருத்துவமனை, பிறகு மெரோபெனத்துக்குச் செலவழிப்பது அதைப்போலப் பல மடங்கு.

இரண்டாவது காரணம் நேரம். முதல் டோஸ் போட்ட பிறகு எடுத்தால் வளர வேண்டியதும் வளராது. ஆர்டர் வந்ததும் முதலில் கல்ச்சர், அடுத்து ஊசி. இரண்டையும் ஒரே ட்ரேயில் வைத்துக்கொண்டு போனால் மறக்காது.

‘கன்டாமினென்ட்’ பெரும்பாலும் தோலில் இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ். அது வருவது கையிலிருந்தும் பழைய கேனுலாவிலிருந்தும்தான். ட்ரிப்ஸ் போகும் கேனுலாவிலிருந்து உறிஞ்சக் கூடாது. புதிதாகக் குத்த வேண்டும். 70 சதவீத ஆல்கஹாலில் கலந்த 2 சதவீத குளோர்ஹெக்சிடினால் 30 வினாடி தேய்த்து, அது தானாகக் காயும்வரை காத்திருக்க வேண்டும். ஊதவும் கூடாது, துடைக்கவும் கூடாது, காய்ந்த பிறகு நரம்பு எங்கே என்று விரலால் மறுபடி தொட்டுப் பார்க்கவும் கூடாது. பெரும்பாலான தவறு இந்தக் கடைசித் தொடலில்தான். பாட்டில் மூடியைத் திறந்ததும் அதன் ரப்பர் சுத்தமாக இருக்கும் என்று நினைப்பதும் தவறு. அதையும் ஆல்கஹால் ஸ்வாபால் துடைக்க வேண்டும்.

பட்டர்ஃப்ளை ஊசியால் நேராகப் பாட்டிலில் எடுத்தால் முதலில் ஏரோபிக் (காற்றில் வளரும் கிருமிக்கான) பாட்டில், ஏனென்றால் குழாயில் உள்ள காற்று அதில் போய்விடும். சிரிஞ்சில் எடுத்தால் முதலில் அனேரோபிக் (காற்றில்லாமல் வளரும் கிருமிக்கான) பாட்டில். இரத்தம் குறைவாகத்தான் கிடைத்தது என்றால் ஏரோபிக்குக்கு முழு அளவு கொடுத்துவிட்டு மீதியை மற்றதில் விடுங்கள். பாட்டிலில் எந்தக் கை, எத்தனை மணி என்று எழுதுங்கள். நான்கு பாட்டிலில் ஒன்றில் மட்டும் தோல் கிருமி வளர்ந்தால் அது கலப்படம் என்று எங்களால் சொல்ல முடிவது அந்தக் குறிப்பால்தான். இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும். இரவில் லேப் மூடியிருக்கிறது என்று ஃபிரிட்ஜில் வைத்துவிடாதீர்கள், அறை வெப்பத்தில் இருக்கட்டும். ஒழுங்காக நடக்கும் இடத்தில் கலப்படம் 3 சதவீதத்துக்குக் கீழே இருக்கும். உங்கள் வார்டின் எண்ணை லேபில் கேட்டு வாங்கி, நர்ஸ் ஸ்டேஷனில் மாதாமாதம் ஒட்டிப் பாருங்கள்.

வென்டிலேட்டர் குழாயிலிருந்து உறிஞ்சும் சளிக்கு நேர்மாறான சிக்கல்: அதில் எப்போதும் ஏதாவது வளரும். குழாய் போட்டு நாலைந்து நாளானால் அங்கே கிருமி குடியேறுவது இயல்பு. எக்ஸ்ரேயில் புது நிழல், சீழ் போன்ற சளி, கூடும் ஆக்சிஜன் தேவை இவையெல்லாம் இல்லாமல், மில்லிலிட்டருக்கு ஒரு லட்சத்துக்குக் குறைவாக வளர்ந்த ‘ஏசினெட்டோபாக்டர்’ என்ற ஒரு கிருமியின் பெயரைப் பார்த்து கொலிஸ்டின் என்ற கடைசிக்கட்ட ஆன்டிபயாடிக்கைப் போடுவது நோயாளிக்கு அல்ல, காகிதத்துக்குச் செய்யும் வைத்தியம். கொலிஸ்டின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் மருந்து.

எல்லோரும் தலை முதல் கால்வரை கவச உடை போட்டிருந்தார்களே, வார்டுக்குள் கிருமி எப்படிப் பரவியது? – வாசகர், புதுச்சேரி

அந்த உடை அணிந்தவரைக் காப்பாற்றியது, அடுத்த படுக்கையை அல்ல. இரட்டைக் கையுறையோடு ஆறு மணி நேரம் நின்றவர்கள் ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவரிடம் போகும்போது கையுறையைக் கழற்றி, கை கழுவி, புதிது போடவில்லை. பல இடங்களில் மாற்றிப் போடக் கையுறையே இல்லை. சில இடங்களில் கையுறையின்மேலேயே சானிடைசர் தடவினார்கள். தனியாக நான்கு படுக்கை பார்க்க வேண்டிய நர்ஸுக்கு, நோயாளியைக் குப்புறப் புரட்டும்போது கழுத்து நரம்புக் குழாயின் கட்டு நனைந்ததைக் கவனிக்க நேரமில்லை. தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்துவது, வாய் சுத்தம், மூச்சுக்குழாய் பலூனின் அழுத்தத்தை 20க்கும் 30 செ.மீ. நீருக்கும் இடையில் வைத்திருப்பது, இவைதான் வென்டிலேட்டர் நிமோனியாவைத் தடுப்பவை. நெருக்கடியில் முதலில் விடுபட்டவையும் இவையே.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கில், 2019ஐவிட 2020இல் கார்பபெனத்துக்கு (மெரோபெனம் வகை மருந்துக்கு) அடங்காத ஏசினெட்டோபாக்டர் தொற்று மருத்துவமனைகளில் 78 சதவீதம் கூடியது. கேண்டிடா ஆரிஸ் பூஞ்சை 60 சதவீதம். நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) பத்து மருத்துவமனைகளில் 2020 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை 17,534 கொரோனா நோயாளிகளைக் கவனித்தது. பின்னர் பாக்டீரியாவோ பூஞ்சையோ தொற்றியவர்கள் 3.6 சதவீதம்தான். ஆனால் அவர்களில் இறந்தவர்கள் 56.7 சதவீதம், மொத்த நோயாளிகளில் அது 10.6. அதிகம் பிடிபட்டது கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா, அடுத்தது ஏசினெட்டோபாக்டர். அந்த ஏசினெட்டோபாக்டரில் பத்தில் ஒன்பதுக்கு மேல் மெரோபெனம் வகைக்கு அடங்கவில்லை. முதல் நாளிலிருந்தே ஆன்டிபயாடிக் போட்டு வைத்தால் இந்தப் பின்தொற்றைத் தடுக்கலாம் என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். அது தடுப்பதில்லை. எளிதாகச் சாகும் கிருமிகளைத் துடைத்துவிட்டு, இந்த இரண்டுக்கும் இடம் காலி செய்து கொடுக்கிறது.

கரும்பூஞ்சை ஆன்டிபயாடிக்கால் வந்ததா? – வாசகர், சேலம்

அதை முதல் குற்றவாளி என்று சொல்ல ஆதாரம் போதாது. கட்டுப்படாத சர்க்கரையும், அளவுக்கு மீறிய ஸ்டீராய்டும்தான் முன்னால் நிற்பவை. ஆக்சிஜன் தேவைப்படுபவருக்கு டெக்சாமெத்தசோன் தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள் என்பதே ஆய்வில் நிரூபணமானது. ஆக்சிஜன் தேவைப்படாதவருக்கு வீட்டிலேயே கொடுத்ததும், இரண்டு மூன்று வாரம் நீட்டியதும்தான் வினை.

ஆன்டிபயாடிக்கைப் பாதியில் நிறுத்தினால் கிருமி பழகிவிடும் என்று சொல்லித்தானே வளர்த்தார்கள்? இப்போது மூன்றாம் நாளில் நிறுத்தச் சொல்கிறீர்களே. – ஆசிரியர், நாகர்கோவில்

வேறு வேறு இரண்டு நிலைமை இவை. உறுதியான தொற்றுக்கு மருத்துவர் சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும். காசநோய்க்கு ஆறு மாதம் என்றால் ஆறு மாதம். சந்தேகத்தின் பேரில் ஆரம்பித்து, சந்தேகம் தீர்ந்த பிறகு மருத்துவரே நிறுத்துவது ‘பாதியில் விடுவது’ ஆகாது. அங்கே கொல்ல வேண்டிய கிருமியே இல்லை. தொடர்ந்து போடும் ஒவ்வொரு டோஸும் குடலில் உள்ள வேறு கிருமிகளைத்தான் பழக்குகிறது.

உறுதியான தொற்றுக்குமே நாட்கள் குறைந்துவிட்டன. வெளியிலிருந்து வந்த சாதாரண நிமோனியா, மூன்றாம் நாளில் காய்ச்சல் அடங்கி மூச்சு சீரானால், ஐந்து நாள் போதும். வென்டிலேட்டர் நிமோனியாவுக்குப் பெரும்பாலும் ஏழு நாள். பதினான்கு நாள் என்று எழுதுவது பழக்கத்தால். வீட்டில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்த வேண்டாம். போன் செய்து கேளுங்கள்.

உறவினர் ஐசியுவில் இருக்கும்போது டாக்டரிடம் இதையெல்லாம் கேட்டால் கோபப்பட மாட்டாரா? – வாசகி, காஞ்சிபுரம்

கேட்கிற விதத்தில் இருக்கிறது. “ஏன் இவ்வளவு பவரான மருந்து?” என்றால் முகம் மாறும். “டாக்டர், எந்த இடத்தில் தொற்று இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? கல்ச்சர் ரிப்போர்ட் எப்போது வரும்? வந்த பிறகு மருந்தை மறுபடி பார்ப்பீர்களா?” என்று கேளுங்கள். நல்ல மருத்துவருக்கு இது எரிச்சல் தராது, பதில் மூன்று நிமிடத்தில் முடியும்.

நீங்கள் சொல்ல வேண்டியதும் உண்டு. முன்பு பென்சிலின் எடுத்தபோது உடலுக்கு என்ன ஆனது என்று சரியாகச் சொல்லுங்கள்: மூச்சடைத்ததா, உடல் தடித்ததா, வெறும் வயிற்றுப்போக்கா? வயிற்றுப்போக்கு அலர்ஜி அல்ல. அதை அலர்ஜி என்று எழுதிவிட்டால் எளிய மருந்துகளின் வழி அடைபட்டு, தேவையில்லாமல் பெரிய மருந்துக்குப் போவார்கள். வலிப்புக்கு வால்புரோயேட் சாப்பிடுபவர் என்றால் கட்டாயம் சொல்லுங்கள். மெரோபெனம் போட்டால் இரத்தத்தில் வால்புரோயேட் அளவு ஓரிரு நாளிலேயே சரிந்து வலிப்பு வரலாம். மாத்திரையின் அளவைக் கூட்டினாலும் ஈடுகட்ட முடியாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதையும் சொல்லுங்கள், பெரும்பாலான ஊசிகளின் அளவை அதற்கேற்பக் குறைக்க வேண்டியிருக்கும்.

ஒரு நேரத்தில் மட்டும் கேள்வி கேட்டுத் தாமதப்படுத்தாதீர்கள். இரத்த அழுத்தம் சரிந்து, கை கால் சில்லிட்டு, நினைவு தடுமாறினால், கல்ச்சர் எடுத்த கையோடு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் உள்ளே போக வேண்டும். கொரோனாவாக இருந்தாலும் அப்படித்தான். நரம்பு கிடைக்காமல் கல்ச்சர் தாமதமானால் அதற்காகவும் காத்திருக்கக் கூடாது.

கொரோனா சமயத்தில் வாங்கிய அசித்ரோமைசின் 500 இரண்டு அட்டை வீட்டில் இருக்கிறது. காய்ச்சல், சளி வந்தால் மூன்று நாள் போடலாமா? – வாசகர், கோவை

வேண்டாம். காலாவதித் தேதியும் தாண்டியிருக்கும். உங்களைப் போல வாங்கி வைத்தவர்கள் ஏராளம்: 2020 ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டும் இந்தியாவில் வழக்கத்துக்கு மேல் 3.8 கோடி அசித்ரோமைசின் டோஸ் விற்றிருக்கிறது. எல்லா ஆன்டிபயாடிக்குகளையும் சேர்த்தால் 21.6 கோடி. சளிக் காய்ச்சலில் பெரும்பாலானவை வைரஸ், மூன்று நாளில் தானாக இறங்கும். மாத்திரைதான் இறக்கியது என்ற நம்பிக்கை அப்படித்தான் பிறக்கிறது. அட்டையின் பின்னால் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து. செஃபிக்ஸிம், லீவோஃப்ளாக்சசின் போன்றவை 2014 முதல், விற்பனைக்குக் கூடுதல் கட்டுப்பாடு உள்ள எச்1 பட்டியலில் உள்ளன. அவற்றை விற்கும்போது கடைக்காரர் சீட்டு எழுதிய மருத்துவரின் பெயரையும், நோயாளியின் பெயரையும், அளவையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். உங்கள் தெருக் கடையில் அந்தப் பதிவேடு எங்கே இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்களேன்.